வீட்டிலிருந்தபடியே வெளிநாடு

எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தி, கச்சிராயபாளையத்துக்காரி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணைய வகுப்பில் சேர்ந்தாள். மாலையில் வகுப்பு. கைபேசி அண்ணனுடையது. விரிவுரை ஓடும்போதே அடுப்பில் சோறு வேகும். "எல்லாந்தான் வீட்டுக்குள்ளயே வருதே, இனிமே வெளியூர் எதுக்கு?" என்றார் அவள் அப்பா. கோமுகி அணையைத் தாண்டி அவளைத் தனியாக அனுப்பாதவர் அவர்.

பன்னாட்டுக் கல்விக் கூட்டுறவைப் புகழ்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இணையம் தூரத்தைக் குறைக்கிறது என்கிறார்கள். யாருடைய நேரத்தில், யாருடைய கருவியில்? தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), இந்தியாவில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1 விழுக்காடு.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளை வாசித்தேன். வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் முதலியவற்றை வழங்க வழிசெய்பவை அவை. தகுதியாகச் சொல்லப்படுபவை நாக் மதிப்பீட்டில் 3.01 புள்ளி, தேசியத் தரவரிசையில் முதல் 100 பல்கலைக்கழகங்களில் இடம் போன்றவை. எல்லாம் நிறுவனத்தின் தகுதி. கல்வராயன் மலையடிவாரத்துப் பெண்ணோ, பெரும்பாலும், பேருந்தில் போய் இருட்டுமுன் திரும்பக்கூடிய கல்லூரியில்தான் சேர்க்கப்படுகிறாள். குடும்பம் அவளுக்கு விதித்த எல்லையே அவள் கல்லூரியின் தரவரிசை வழியாக மறுபடி அவளைத் தடுக்கிறது. இணையவழிப் பட்டப்படிப்புகளுக்கு இவ்விதிகள் பொருந்தாது என்றும் எழுதியிருக்கிறது. வீட்டில் இருப்பவளுக்கு எட்டும் வழி அது ஒன்றுதான்.

இணைய வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வாசலாக இருக்க வேண்டும்; வேலியாகிவிடக் கூடாது. 1987இல் தொடங்கிய ஐரோப்பாவின் இராஸ்மஸ் திட்டம் மாணவர்களை உதவித்தொகையோடு வேறு நாடுகளுக்கு அனுப்பியது. இன்று அதில் இணையப் பாடத்தோடு சில நாள் நேரடிப் பயணத்தையும் சேர்த்த குறுகிய படிப்புகள் உண்டு. தமிழ்நாட்டின் 'நான் முதல்வன்' திட்டமும் 2024இல் 25 மாணவர்களை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. எண்ணிக்கை சிறிது, ஆனால் அரசே அழைத்துப் போகிறது என்றால் வீட்டில் பேச்சு மாறுகிறது.

ஆகவே, ஒவ்வொரு கூட்டுறவு ஒப்பந்தத்திடமும் நாம் கேட்க வேண்டியவை இவை: வகுப்பு நேரத்தில் அவள் உட்காரக் கல்லூரியில் ஓர் அறை உண்டா? படித்ததற்குக் கிரெடிட் உண்டா? கடவுச்சீட்டுக்கும் பயணத்துக்கும் பணம் யார் தருவது? இவற்றுக்குப் பதில் இல்லாத ஒப்பந்தம், உலகத்தை அவளுக்குக் காட்டிவிட்டு அவளை அடுப்படியிலேயே விட்டுவிடுகிறது.