மாத ஜாபிதா

எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. கணக்கு இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். விஞ்ஞானக் கதை, மாயக் கதை என்றால் சாப்பாட்டை மறந்துவிடுவார். மற்ற இலக்கியத்தில் அவருக்கு அக்கறை இல்லை என்று சொல்லமாட்டேன். அவசரம் இல்லை, அவ்வளவுதான். மாதம் பிறந்ததும், அந்த மாதத்தில் தாம் படிக்கப்போகும் புஸ்தகங்களின் பெயர்களை ஓர் அரைத்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவார். அதே ஜாபிதா இன்னும் நாலைந்து பேருக்கும் போகும். அவர்களும் தங்கள் தங்கள் ஜாபிதாவை அவருக்கு அனுப்புவார்கள். இந்த ரகக் கதைகளின் ரசிகர்களிடையே பல தேசங்களில் இப்படி ஒரு வழக்கம் உண்டு என்பது அவர் மூலமாகத்தான் எனக்குத் தெரியவந்தது.

ஒருநாள், நாலு பேர் கூடியிருந்த இடத்தில், "என்ன ஸார், மளிகை ஜாபிதா தயாராகிவிட்டதா?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த மாதம் ஜாபிதா வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. மனிதர் வந்தார்; காபி சாப்பிட்டார்; மழை பெய்யாததைப் பற்றிப் பேசினார்; போய்விட்டார். நான் செய்தது தவறு என்று அப்போதே தெரிந்தது. என்ன தவறு என்று தெரிய நாளாயிற்று.

என் கட்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த புஸ்தகத்தைப் பற்றி ஒருவன் பேசினால் அதற்கு அர்த்தம் இருக்கிறது. அவனுக்குப் பிடித்ததா இல்லையா, ஏன் என்று நாம் கேட்கலாம், சண்டை போடலாம். படிக்கப்போகிற புஸ்தகத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? கல்யாணத்துக்கு முன்பே பெண்டாட்டியின் குணத்தை வர்ணிக்கிற மாதிரிதானே அது? இதுதான் என் எண்ணமாக இருந்தது. நம் பக்கத்து விமரிசகர்களும் ஜாபிதா போடுகிறவர்கள்தாம். ஆனால் அவை, 'நான் படித்துவிட்டேன், நீயும் படி' என்கிற ஜாபிதாக்கள். அவற்றில் ஓர் அதிகாரம் இருக்கிறது. சிநேகிதரின் ஜாபிதாவில் அதிகாரம் ஒன்றுமில்லை. அதனாலேயே அதை நான் மதிக்கவில்லை.

பிறகு ஒரு கேள்வி எழுந்தது. ஏன் மாதம்? ஒரு நாவல் நாலு நாளில் முடியலாம். நாற்பது நாளும் ஆகலாம். வருஷத்துக்கு ஒரு திட்டம் போடலாம். திட்டமே இல்லாமலும் படிக்கலாம். படிப்புக்கும் மாதத்துக்கும் என்ன சம்பந்தம்? இதற்குப் பதில் அமெரிக்கப் பத்திரிகைகளின் சரித்திரத்தில் இருக்கிறது.

1926 ஏப்ரலில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் என்பவர் நியூயார்க்கில் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். லக்ஸம்பர்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். ரேடியோ சாமான் வியாபாரமும் ரேடியோப் பத்திரிகையும் நடத்தியவர். விஞ்ஞானக் கதைக்கு என்றே நடந்த முதல் ஆங்கிலப் பத்திரிகை அதுதான். இலக்கிய நயம் தெரிந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு காரியம் செய்தார். வாசகர் கடிதங்களைப் பிரசுரித்தபோது, எழுதினவர்களின் முழு விலாசத்தையும் சேர்த்து அச்சிட்டார். ஏதோ ஓர் ஊரில், தன்னைத் தவிர இந்தக் கதைகளை வேறு யாரும் படிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த பையன், அதே பைத்தியம் பிடித்த இன்னொரு பையனின் விலாசத்தை அங்கே கண்டுபிடித்தான். பத்திரிகைக்கு எழுதுவதை விட்டுவிட்டு நேரே அவனுக்கே எழுதினான். 1930-இல் இப்படிப்பட்ட கடித நண்பர்கள் 'தி காமெட்' என்ற தட்டச்சுப் பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள். 1937-இல் டொனால்ட் வோல்ஹைம் ஒரு ஏற்பாடு செய்தார். ரசிகர்கள் ஆளுக்கொரு சிறு பத்திரிகையைத் தயார் செய்து, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி வீதம், ஒரு பொது ஆசிரியருக்கு அனுப்பவேண்டியது. அவர் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டாக்கி எல்லோருக்கும் தபாலில் அனுப்புவார். ஒரு கட்டில் வந்ததற்கெல்லாம் அடுத்த கட்டில் பதில் வரும். விற்பனை கிடையாது. எழுதுகிறவனும் படிக்கிறவனும் ஒரே ஆள்.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1930-களில் விஞ்ஞானக் கதை அமெரிக்காவில் புஸ்தகமாக வருவது அபூர்வம். சில பத்திரிகைகள்தாம் கதி. ஆகையால், ஒரு மாதத்தில் எல்லா ரசிகர்களும் ஏறக்குறைய ஒரே கதைகளைத்தான் படித்தார்கள். ஐசக் அஸிமாவின் தகப்பனார் புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்தார். அங்கே பத்திரிகைகளும் விற்றார். மலிவுப் பத்திரிகைகள் குப்பை, படிக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு. ஒரு பத்திரிகையின் பெயரில் 'விஞ்ஞானம்' என்ற சொல் இருந்ததால் அதற்கு மட்டும் பையனுக்கு அனுமதி கிடைத்தது. படித்துவிட்டு, கசங்காமல் மறுபடி விற்பனைக்கு வைத்துவிட வேண்டும். அந்தப் பையனும், அவன் முகமறியாத பல ஊர்ப் பையன்களும், ஒரே வாரத்தில் ஒரே கதையில் மூழ்கியிருந்தார்கள்.

பின்னால், ஜான் காம்ப்பெல் 'அஸ்டௌண்டிங்' பத்திரிகையின் ஆசிரியரானபோது, இந்தப் பொதுமாதம் உச்சத்துக்குப் போயிற்று. அடுத்த இதழில் என்ன வருகிறது என்று ஒரு பகுதி சொல்லும். வந்து முடிந்த இதழின் கதைகளை வாசகர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி எழுதுவார்கள். அந்த எண்களின் சராசரியை இன்னொரு பகுதி வெளியிடும். எந்தக் கதைக்கு எண் குறைவோ அதுதான் முதல். வரப்போவதற்கு ஆசை, வந்ததற்குத் தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு மாதம். அஸிமாவின் 'ஃபௌண்டேஷன்' கதைகள் 1942 முதல் 1950 வரை இப்படித்தான் துண்டு துண்டாக வெளிவந்தன. வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காகக் கடைவாசலில் காத்து நின்ற தலைமுறையைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்த ருசி புரியாமல் போகாது.

பிறகு புஸ்தகங்கள் வந்தன. ரசிகர்களே பிரசுரகர்த்தர்கள் ஆனார்கள். லவ்கிராஃப்டின் கதைகளைக் காப்பாற்றுவதற்கென்று 1939-இல் ஆர்க்கம் ஹௌஸ் ஏற்பட்டது. 'ஃபௌண்டேஷ'னை 1951-இல் புஸ்தகமாக்கிய நோம் பிரஸ் 1948-இல் ஏற்பட்டது. 1953-இல் பெரிய பிரசுராலயமான டபிள்டே இந்தக் கதைகளுக்கென்று ஒரு புஸ்தகக் கழகமே தொடங்கியது. காகித அட்டைப் பதிப்புகள் பெருகின. 1957-இல் பத்திரிகைகளைக் கடைகளுக்கு எடுத்துச் சென்ற மிகப் பெரிய விநியோகக் கம்பெனி மூடப்பட்டதும், பல பத்திரிகைகள் நிலைகுலைந்தன. 'அஸ்டௌண்டிங்' 1960-இல் 'அனலாக்' என்று பெயர் மாறிப் பிழைத்தது. 2017-இல் அதுவும் இரு மாதத்துக்கு ஓர் இதழ் என்று ஆகிவிட்டது.

நஷ்டம் என்று சொல்லமுடியாது. நல்ல நாவல்கள் வந்தன. நல்ல காகிதத்தில் வந்தன. ஆனால் ஒன்று போய்விட்டது. ஒருவன் வீட்டில் ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' வரிசையில் ஆறாவது புஸ்தகம் திறந்திருக்கும். அந்த வரிசை 1990-இல் தொடங்கியது. ஆசிரியர் 2007-இல் காலமாகி, பிராண்டன் ஸாண்டர்ஸன் எழுதிச் சேர்த்து, பதினான்காவது பாகத்தோடு 2013-இல் முடிந்தது. பக்கத்து ஊர்க்காரன் கையில் அறுபது வருஷத்துக்கு முந்திய நாவல் ஒன்று இருக்கும். இருவரும் ரசிகர்கள்தாம். ஆனால் இந்த மாதம் இருவருக்கும் பொதுவாகப் பேச ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு காலண்டர்.

மாத ஜாபிதா இங்கேதான் நுழைகிறது. பத்திரிகை போன இடத்தில், ரசிகர்கள் தாங்களே ஒரு பத்திரிகைக்குப் பொருளடக்கம் தயாரித்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 'இதை நான் படிக்கப்போகிறேன்' என்பதற்கு, 'அந்தச் சமயத்தில் நீயும் அங்கே இருப்பாயா?' என்று அர்த்தம். அது புஸ்தகத்தைப் பற்றிய அபிப்பிராயமே அல்ல, அழைப்பு. அழைப்பிதழை மளிகை ஜாபிதா என்று நான் சொல்லிவிட்டேன்.

இந்த ஆசையை வைத்தே ஒரு நாவல் இருக்கிறது. ஜோ வால்ட்டனின் 'அமங் அதர்ஸ்'. 2011-இல் வந்து, அவ்வருஷத்து நெபுலா பரிசையும் 2012-இல் ஹ்யூகோ பரிசையும் பெற்றது. பதினைந்து வயது வேல்ஸ் நாட்டுப் பெண் மோர்வென்னா. இரட்டைச் சகோதரி இறந்துபோனாள். இவளுக்குக் கால் ஊனம். தாயை விட்டு ஓடிவந்து, முன்பின் பழக்கமில்லாத தகப்பனாரிடம் சேர்ந்து, இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் தள்ளப்படுகிறாள். 1979-80-இல் அவள் எழுதும் டைரிதான் நாவல். டைரியில் துக்கம் இருக்கிறது, தேவதைகளும் மந்திரமும் இருக்கின்றன. எல்லாவற்றையும்விட அதிகமாக, படித்த, படிக்கிற, படிக்கப்போகிற விஞ்ஞானக் கதைகளின் பெயர்கள் இருக்கின்றன. 'காட்ஸ் க்ரேடில்' நாவலில் வோன்னெகட் உண்டாக்கிய ஒரு சொல்லை அவள் எடுத்துக்கொள்கிறாள்: காரஸ். தங்களை அறியாமலேயே விதியால் ஒன்றாகக் கட்டப்பட்டவர்களின் கூட்டம் என்று பொருள். அப்படி ஒரு கூட்டம் தனக்கு வேண்டும் என்று மந்திரம் செய்கிறாள். சில நாளில், ஊர் நூல்நிலையத்தில் விஞ்ஞானக் கதைப் படிப்புக் குழு ஒன்று இருப்பது தெரியவருகிறது. அதன் பிறகு அவளைச் சந்தேகம் பிடுங்குகிறது: இவர்கள் உண்மையிலேயே முன்பே இருந்தவர்களா, அல்லது என் மந்திரத்துக்காக இவர்களுடைய பழைய வாழ்வுகூட மாற்றப்பட்டுவிட்டதா?

நாவலில் குறை இல்லாமல் இல்லை. புஸ்தகப் பெயர்கள் சில பக்கங்களில் வெறும் பெயர்களாகவே நிற்கின்றன. அவற்றைப் படிக்காதவன் வாசலிலேயே நிற்கவேண்டியதுதான். தாயோடு நடக்கும் கடைசிப் போராட்டமும் சற்று அவசரமாக முடிகிறது. ஆனால் அந்தச் சந்தேகம் சத்தியமானது. தனியாகப் படித்து வளர்ந்த எவனுக்கும், தன்னைப் போல் இன்னொருவன் அகப்படும்போது, இது நடக்கக்கூடிய காரியமா என்றுதான் முதலில் தோன்றும். கல்லூரிப் படிப்பைப் பூர்த்தி செய்யாதவன் நான். எந்த வாத்தியாரும் எனக்கு ஜாபிதா கொடுக்கவில்லை. அந்தப் பயம் எனக்குத் தெரியும்.

இன்னொரு லாபமும் உண்டு. தொண்ணூறு சதவிகிதம் குப்பைதான், ஆனால் எந்தத் துறையிலும் அப்படித்தான் என்று 1950-களில் தியோடர் ஸ்டர்ஜன் சொன்னார். மற்ற இலக்கியத்தில் சலித்துக் கொடுக்கப் பேராசிரியர்கள் இருந்தார்கள். இந்தக் கதைகளைப் பல்கலைக்கழகங்கள் வெகுகாலம் திரும்பிப் பார்க்கவில்லை. ரசிகர்களே முறம் எடுத்துப் புடைக்கவேண்டியதாயிற்று. 1956-இல் 'இன் ஸர்ச் ஆஃப் வொண்டர்' என்ற கட்டுரைத் தொகுதியை வெளியிட்டு, நட்புக்கு இடம் கொடாமல் இந்தக் கதைகளை எடைபோட்ட டேமன் நைட்டும் ரசிகர் கூட்டத்திலிருந்து வந்தவர்தான். விமரிசனம் அங்கே மேலே இருந்து இறங்கவில்லை. ஜாபிதா எழுதினவர்களிடமிருந்து கிளம்பியது.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஜாபிதாவில் ஆபத்தே இல்லை என்றால் அது பொய். முதல் ஆபத்து எண்ணிக்கை. எட்டுப் புஸ்தகம் எழுதி மூன்று முடிக்கிறவனுக்கு வெட்கம் வருகிறது; அடுத்த மாதம் ஒல்லிப் புஸ்தகமாகத் தேடுகிறான். புஸ்தகத்தை அவன் படிக்கவில்லை, கழிக்கிறான். இரண்டாவது, இதைவிடப் பெரிது. ஜாபிதாவில் மறுபடிப்புக்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஜீன் உல்ஃபின் 'புக் ஆஃப் தி நியூ ஸன்' 1980 முதல் 1983 வரை நாலு பாகமாக வந்தது. கதை சொல்லுகிறவன் தனக்கு எதுவுமே மறக்காது என்று சொல்லிக்கொள்கிறான். அவன் சொல்வதை நம்பிக்கொண்டே ஒரு தடவை படித்து முடித்தால், ஏமாந்தோமோ என்று சந்தேகம் வரும். இரண்டாம் தடவையில்தான் எங்கே ஏமாந்தோம் என்று பிடிபடும். அப்படிப்பட்ட புஸ்தகத்தின் பெயரை எழுதி, முடித்ததும் கோடு கிழித்துவிட்டால், அது படித்ததாகாது. இந்தத் துறையின் மிகச் சிறந்த நூல்களுக்கே ஜாபிதா அதிகமான அநியாயம் செய்கிறது.

ஆனால் இது ஜாபிதாவின் குற்றமா, கோடு கிழிக்கிற கையின் குற்றமா? கூப்பிட்ட இடத்துக்கு எல்லோரும் வந்தார்களா என்று பார்க்கவேண்டுமே தவிர, எத்தனை இலை விழுந்தது என்று எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. நாலு பேருக்குப் பொதுவாக ஒரே ஒரு புஸ்தகம் அமைந்தால்கூட அந்த மாதம் வீண்போகவில்லை. மற்றவை நிற்கட்டும்; அடுத்த மாதம் என்று ஒன்று இருக்கிறதே.

சென்ற மாதம் ஓர் அரைத்தாளில் நானே மூன்று பெயர் எழுதி, சிநேகிதர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு புதிது. மூன்றாவது, உல்ஃபின் முதல் பாகம். பக்கத்தில் 'இரண்டாம் தடவை' என்று எழுதியிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மூன்றுதானா?" என்றார்.

"போதும் என்று நினைத்தேன்."

உள்ளே போய்த் தம்முடைய தாளைக் கொண்டுவந்தார். எழுதுவதை அவர் நிறுத்தவே இல்லை. என்னிடம் காட்டுவதைத்தான் நிறுத்தியிருந்தார். அதில் ஏழு பெயர்கள். என் எதிரிலேயே எட்டாவதாக உல்ஃபை எழுதிக்கொண்டார்.