வேடமும் மரியாதையும்

ஒரு கலை நிகழ்ச்சியை மதிப்பிடப் புகுவோர் பெரும்பாலும் மேடையையே நோக்குவர். பாடியவரின் குரலை எடைபோடுவர். இசைத்தவரின் விரல்களைப் பாராட்டுவர். எதிரே இருந்த அவையை நோக்குவோர் சிலரே. ஆயினும் சில நிகழ்ச்சிகளில் அவையே உரைகல்லாக அமைந்துவிடுகிறது. அத்தகைய நிகழ்ச்சி ஒன்றின் ஒளிப்பதிவைப் பற்றி இங்கே சில கூற விழைகிறோம்.

1978ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள நாப்பா அரசு மனநல மருத்துவமனையில் அந்நிகழ்ச்சி நடந்தது. 1875இல் திறக்கப்பட்ட பழைய மருத்துவமனை அது. நியூயார்க்கிலிருந்து வந்த ‘கிராம்ப்ஸ்’ என்னும் பங்க் இசைக்குழு அங்கு நோயாளர் முன்னிலையில் பாடியது. சான்பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ‘மியூட்டன்ட்ஸ்’ என்னும் குழுவும் அன்று பாடிற்று. ‘டார்கெட் வீடியோ’ குழுவினர், தோளில் சுமந்து செல்லத்தக்க சோனி போர்ட்டபேக் கருவியால் கறுப்பு வெள்ளையில் அதனைப் பதிவு செய்தனர். கிராம்ப்ஸ் பாடிய பகுதி ஏறத்தாழ 20 நிமிடமே ஓடும். பின்னர் வீடியோ நாடாவாக வெளிவந்து, பிரதிக்குப் பிரதி எடுக்கப்பட்டு, கைமாறிக் கைமாறி உலகெங்கும் பரவிற்று.

பங்க் இசை நம் வாசகர் பலருக்கும் பழக்கமற்றதாக இருக்கலாம். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும், அடுத்து இலண்டனிலும் எழுந்த இசைவகை அது. நெடுநாள் பயிற்சியால் வரும் நுட்பத்தை அது பெரிதாகக் கொள்ளவில்லை. வேகமும் நேர்மையான கூச்சலும் போதும் என்றது. 1976இல் அமைந்த கிராம்ப்ஸ் குழுவில் நால்வரே இருந்தனர். லக்ஸ் இன்டீரியர் பாடினார். பாய்சன் ஐவியும் பிரையன் கிரெகரியும் கிதார் வாசித்தனர். நிக் நாக்ஸ் டிரம்ஸ் முழக்கினார். அடித்தளச் சுருதிக்குரிய பேஸ் கிதார் இவர்களிடம் கிடையாது. 1950களின் அமெரிக்க ராக் பாட்டையும் மலிவான பேய்ப்படங்களின் அச்சத்தையும் கலந்து இவர்கள் தமக்கென ஒரு பாணி சமைத்துக் கொண்டனர். அவர்களுடைய முதல் முழுநீள இசைத்தட்டு 1980இல்தான் வந்தது. ஆகவே நாப்பாவில் நின்றவர்கள் பெரும்புகழ் பெற்றவர்களல்லர்.

பழைய மாணவர் ஒருவர் இதனை நமக்குக் காட்டியபோது நம் செவி எளிதில் இணங்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. தமிழ் யாப்பும் அரபுச் சந்தமும் பயின்ற செவிக்கு இந்த முழக்கம் முதலில் இரைச்சலாகவே பட்டது. ஆனால் கண் திரையை விட்டு அகலவில்லை. மறுமுறை பார்த்தோம், பின்னர்ப் பன்முறை பார்த்தோம். இன்று இதனை விரும்பிப் பார்ப்போருள் நாமும் ஒருவர்.

விரும்பும் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பதிவை வியந்து பேசுவோர் பலர் இதனை ஒரு விந்தைப் பொருளாகவே காட்டுகின்றனர். ‘பித்தர்போல் ஆடும் குழுவொன்று பித்தரிடையே சென்று ஆடிற்று’ என்று சொல்லிச் சிரிக்கின்றனர். அந்தச் சிரிப்பில் பெரும் பிழை இருக்கிறது. கிராம்ப்ஸ் குழுவினர்க்குப் பித்து என்பது ஒரு வேடம். மாலையில் அணிந்து இரவில் களைந்துவிடலாம். எதிரே நின்றவர்களுக்கோ அது பிறர் எழுதிய தீர்ப்பு. களைந்து வைக்க அவர்களால் இயலாது. விருப்பத்திற்கு மாறாக ஒருவரைக் காலவரையின்றி அடைத்து வைக்கும் வழக்கத்திற்குக் கலிபோர்னியா 1967இல் இயற்றிய சட்டம் முடிவு கட்டிற்று. எனினும் 1978இலும் நாப்பாவின் வாயிலுக்குள் வாழ்ந்தோர் பலர். வேடம் பூண்டவர், அந்த வேடத்தையே வாழ்வாகச் சுமப்பவர் முன் நிற்கும்போது இரண்டில் ஒன்று நிகழும். வேடம் ஏளனமாகிவிடும், அல்லது வேடம் விலகி மனிதர் வெளிப்படுவர். இந்த 20 நிமிடங்களின் பதற்றமெல்லாம் இதில்தான் இருக்கிறது.

நிகழ்ந்தது என்ன? லக்ஸ் இன்டீரியர், தாம் நியூயார்க்கிலிருந்து 3,000 மைல் வண்டியோட்டி இவர்களுக்காகவே வந்ததாக அறிவிக்கிறார். கூட்டத்திலிருந்து உடனே ஒரு வசைச்சொல் பறந்து வருகிறது. அவர் சினக்கவில்லை, உபதேசமும் செய்யவில்லை. நீங்கள் பித்தர் என்று எவரோ சொன்னார்கள், எனக்கோ அப்படித் தோன்றவில்லை, நன்றாகத்தான் இருக்கிறீர்கள் என்ற பொருள்படப் பேசிவிட்டுப் பாட்டைத் தொடர்கிறார். பெருமக்கள் மருத்துவமனைக்கு வருகை தரும்போது முகத்தில் பூசிக்கொள்ளும் இரக்கத்தை அவரிடம் தேடினாலும் காண முடியாது.

பாட்டு வளர வளர மேடைக்கும் தரைக்கும் இடையே இருந்த எல்லை அழிகிறது. நோயாளர் ஆடுகின்றனர், சிலர் பாடகர் பக்கத்திலேயே வந்து நிற்கின்றனர். ஒரு பெண் ஒலிவாங்கியில் வாய்வைத்துத் தம் குரலையும் கலக்கிறார். பாடகர் அதனைப் பிடுங்கவில்லை, பகிர்ந்து கொள்கிறார். அவர் தரையில் விழுந்து புரளும்போது, அருகில் நிற்பவர் அது தமக்கும் உரிய இடமே என்பதுபோல் இயல்பாக இருக்கிறார். பாய்சன் ஐவியோ கலங்காமல் கிதாரை மீட்டிக்கொண்டே இருக்கிறார். எவர் வந்தாலும் எவர் போனாலும் தாளம் நிற்பதில்லை. அந்த உறுதியான தாளமே அனைவரையும் தாங்கும் தளமாகிறது. நுட்பமற்றது என்று நாம் முதலில் எண்ணிய இசை, யாரும் உள்ளே நுழையத்தக்க திறந்த வாயிலாக இருந்ததை இங்கேதான் உணர்ந்தோம்.

அரபு மொழியில் ‘அதப்’ என்றொரு சொல் உண்டு. நல்லொழுக்கமும் மரியாதையும் அதன் பொருள். இலக்கியம் என்பதும் அதன் பொருள். மரியாதையையும் கலையையும் ஒரே சொல்லில் அடக்கிய அம்மொழியின் நுண்மையை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். அதற்கு இப்படியோர் உதாரணம் பங்க் மேடையில் கிடைக்கும் என்று எதிர்பார்த்ததில்லை. நியூயார்க்கின் இரவு விடுதியில் எவ்வாறு பாடினார்களோ, அவ்வாறே முழு வேகத்தோடு இங்கும் பாடினார்கள். நோயாளர்க்கு இது போதும் என்று குறைத்துக் கொடுக்கவில்லை. கலைஞன் தன் அவைக்குச் செய்யத்தக்க மரியாதை இதனினும் மேலானது எதுவென நாமறியோம்.

மனநோயாளர்க்கு இசை வழங்குவது புதிய செய்தியன்று. 1488இல் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் எழுப்பிய மருத்துவமனையில், நோயாளர்க்கென இசைவாணர் அமர்த்தப்பட்டிருந்ததைப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி எழுதி வைத்திருக்கிறார். அங்கே இசை மருந்தாயிற்று; நோயாளர் அதனைப் பெறுபவர். நாப்பாவில் மருந்து என்ற பேச்சே இல்லை. அங்கிருந்தோர் அந்தச் சில நிமிடங்களுக்கு நிகழ்ச்சியின் பங்காளிகளாயினர்.

ஒளிப்பதிவின் வறுமையும் இதற்குத் துணைநிற்கிறது. படம் மங்கல்; ஒலி கரடு. பல கோணம் காட்டும் வசதி இல்லை. ஆனால் அக்கருவி பாடகரையும் ஆடுபவரையும் ஒரே சாம்பல் நிறத்தில், ஒரே தொலைவில் காட்டுகிறது. சில கணங்களில் இவர் குழுவினரா, நோயாளரா என்று நாம் தடுமாறுகிறோம். செல்வம் மிக்க படப்பிடிப்பாக இருந்திருந்தால், துன்புறும் முகத்தை அருகே இழுத்துக் காட்டி நம்மைக் கண்ணீர் சிந்த வைத்திருக்கும். அத்தோடு தடுமாற்றமும் தீர்ந்திருக்கும்.

2003இல் இயன் ஃபோர்சைத், ஜேன் போலார்ட் என்னும் இரு கலைஞர்கள் இலண்டனில் இந்நிகழ்ச்சியை மீண்டும் அரங்கேற்றி, பழைய நாடாவின் தேய்மானத்தைக்கூட அப்படியே உண்டாக்கினர். உழைப்பு வியக்கத்தக்கது. ஆயினும் மூலத்தின் உயிர், அடுத்த நொடி என்ன நிகழும் என்று மேடையில் இருந்தவர்க்கே தெரியாதிருந்ததில் இருக்கிறது. அதனைப் பிரதி எடுக்க இயலாது.

இனி, ரசிகரான நம்மையே வருத்தும் ஒரு வினா. மேடையிலிருந்த நால்வரின் பெயரும் உலகறிந்தது. நாடாவின் பெயரில் மருத்துவமனையும் இடம்பெற்றது. ஆடிய நோயாளரோ பெயரின்றி முகமாக மட்டுமே எஞ்சினர். அவர்கள் வாழ்வின் கடினமான ஒரு காலத்தை நாம் வீட்டில் சாய்ந்து அமர்ந்து சுவைக்கிறோம். இது முறையா? இவ்வினாவை எளிதில் தள்ளிவிட முடியாது. 2021இல் வெளிவந்த ‘வீ வேர் தேர் டு பி தேர்’ என்னும் ஆவணப்படம், இந்நிகழ்ச்சியைக் கலிபோர்னியாவின் மனநல மருத்துவ வரலாற்றோடு சேர்த்துப் பேசுவது ஆறுதல் தருகிறது. ஆனால் கடமை படம் எடுப்பவரோடு முடிவதில்லை, பார்ப்பவர்க்கும் உண்டு. சிரிப்பதற்காகப் பார்த்தால், அன்று பாடகர் செய்யாத ஏளனத்தை இன்று நாம் செய்தவர்களாவோம். அவர் நோக்கியவாறு நோக்கினால் மட்டுமே இதனைப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.

பிரையன் கிரெகரி 2001இலும், லக்ஸ் இன்டீரியர் 2009இலும், நிக் நாக்ஸ் 2018இலும் மறைந்துவிட்டனர். நாடாவில் அந்தப் பெண் இன்னும் ஒலிவாங்கியருகே நின்று பாடிக்கொண்டிருக்கிறார். குரல் சுருதியில் சேரவில்லை. சேர வேண்டும் என்று அங்கே எவரும் கேட்கவுமில்லை.