இருபக்கத் தேர்வில் இருள் எந்தப் பக்கம்?

அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆகஸ்ட் மாதம் வகுப்புகள் தொடங்கும் முன்பே பெரியதொரு தேர்வு நடந்து முடிந்துவிடுகிறது. சொராரிட்டி எனப்படும் மாணவியர் சங்கங்களில் சேர, அண்மை ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஒரு வாரத்துக்கும் மேலாக, சங்கங்களின் வீடுகளில் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். 2021இல் அவர்கள் டிக்டாக்கில் போட்ட வீடியோக்களால் உலகமே இந்தச் சேர்க்கையைத் திரும்பிப் பார்த்தது. உடைகளைப் பற்றிப் பேசியவர்கள் பலர். தேர்வு எப்படி நடக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு.

இந்தச் சங்கங்கள் பிறந்ததில் நியாயம் இருந்தது. பெண்களுக்குக் கல்லூரிக் கதவு அப்போதுதான் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. ஆண்கள் நிறைந்த வகுப்பில் ஒட்ட முடியாமல் நின்ற சிலர் தங்களுக்குள் துணை தேடிக்கொண்டார்கள். இல்லினாய் மாநிலத்தின் மான்மத் கல்லூரியில் 1867இல் பை பீட்டா ஃபை, இண்டியானாவில் 1870இல் காப்பா ஆல்ஃபா தீட்டா என்று அவை வேர்விட்டன. 1902இல் உருவான அவற்றின் கூட்டமைப்பான தேசிய பான்ஹெலனிக் மாநாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. பல்லாயிரம் பேர் படிக்கும் வளாகத்தில் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு உடனடியாகத் தோழிகள், தங்க வீடு, வழிகாட்டும் மூத்தவர்கள் கிடைப்பது இன்றும் சாதாரண விஷயமல்ல.

சேர்க்கை பெரும்பாலும் நான்கு சுற்றுகள். முதலில் எல்லா வீடுகளுக்கும் அறிமுகம்; பிறகு அறப்பணி பற்றிய சுற்று, சகோதரத்துவச் சுற்று, கடைசியில் விருப்பச் சுற்று. ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் மாணவி வீடுகளை வரிசைப்படுத்துகிறாள். வீடுகளும் மாணவிகளை வரிசைப்படுத்துகின்றன. இரண்டு பட்டியலும் பொருந்தினால் அடுத்த அழைப்பு. அதனால்தான் இதை இருபக்கத் தேர்வு என்கிறார்கள்.

இந்தக் கணக்கில் ஓர் அறிவு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எல்லோரும் விரும்பும் வீடு, தான் சேர்க்கப்போகாத பெண்களைத் தொடக்கச் சுற்றுகளிலேயே விடுவித்தாக வேண்டும். கடைசிவரை ஆசைகாட்டிக் கைவிடும் பழைய வழக்கத்துக்கு இதனால் கடிவாளம் விழுந்தது. இறுதிவரை நின்று, வந்த எல்லா அழைப்புகளையும் ஏற்று வரிசைப்படுத்தியவளுக்குப் பெரும்பாலும் ஓரிடம் கிடைத்துவிடுகிறது. இடம் பங்கிடுவதில் இந்த முறை வல்லது. ஆளை அறிவதில்தான் சறுக்குகிறது.

முதல் சுற்றைப் பாருங்கள். கதவு திறக்கிறது. வாசலில் நெருக்கியடித்து நிற்கும் பெண்கள் கைதட்டிக் கோஷமிடுகிறார்கள். ஒருத்தி வந்து உள்ளே அழைத்துப் போகிறாள். எந்த ஊர், என்ன படிக்கப்போகிறாய் என்று தொடங்கிச் சில நிமிடங்கள் ஆவதற்குள் இன்னொருத்தி வந்து பேச்சைத் தொடர்கிறாள், முன்னவள் நழுவிவிடுகிறாள். அரை மணி நேரத்துக்குள் இப்படி மூன்று நான்கு முகங்கள். வந்தவளுடைய விண்ணப்பம், படம், மதிப்பெண் எல்லாம் வீட்டாரிடம் முன்கூட்டியே இருக்கும். அவளுக்கு அவர்களைப் பற்றித் தெரிந்தது வளாகத்தில் உலவும் பேச்சு மட்டும். காதல், மது, மதம், அரசியல், பணம் ஆகிய ஐந்தையும் பேசக் கூடாதென்பது எழுதாத விதி. சேர்ந்து வாழப்போகிறவர்களைப் பற்றி அறிய வேண்டியவற்றில் பாதி இந்த ஐந்துக்குள் அடங்கிவிடுகிறது. மறுநாள் ஒரு வீட்டின் பெயர் அவள் பட்டியலில் இல்லையென்றால், ஏன் என்று யாரும் சொல்லப்போவதில்லை.

இந்த மௌனத்துக்குள் எது வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளும் என்பதை 2013 காட்டியது. பழைய உறுப்பினர்களின் தலையீட்டால் கறுப்பின மாணவிகள் ஒதுக்கப்பட்டதை அலபாமாவின் மாணவர் இதழான ‘கிரிம்சன் வைட்’ வெளியிட்டது. சங்கங்களுக்குள் இருந்த மாணவிகளே சாட்சி சொன்னார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் சேர்க்கையை மீண்டும் திறக்க உத்தரவிட வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களுக்கு வழிவிட்டு ஐம்பது ஆண்டுகள் கழித்து நடந்த கதை இது. விலக்கப்பட்டவர்கள் சும்மா இருந்துவிடவில்லை: ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908இலேயே ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா பிறந்தது, தெற்காசிய மாணவிகள் 1998இல் ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகாவைத் தொடங்கினார்கள்.

பணமும் ஒரு சல்லடைதான். சந்தா, உணவு, வீட்டு வாடகை என ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகும் இடங்கள் உண்டு. கட்டண விவரத்தைப் பல வளாகங்கள் வெளியிடுகின்றன. வாரம் முழுக்க மாற்றி உடுத்தும் உடைகளின் செலவு எந்தப் பட்டியலிலும் வராது. எலிசபெத் ஆம்ஸ்ட்ராங்கும் லாரா ஹாமில்டனும் 2013இல் வெளியிட்ட ஆய்வுநூல், வசதியான வீட்டுப் பெண்களுக்கு ஏற்றபடி அமைந்த இந்தக் கேளிக்கை உலகம், வசதி குறைந்தவர்களின் படிப்பையே தடம்புரட்ட வல்லது என்று காட்டியது.

எல்லாவற்றிலும் எனக்கு உறுத்துவது கடைசி இரவு. மெழுகுவர்த்தி, கண்ணீர், மூத்தவள் காதோரம் சொல்லும் அன்புமொழி. அந்தச் சூடு ஆறுவதற்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்து. தான் பட்டியலிட்ட வீடு அழைத்த பிறகு மறுத்தால், அந்த வளாகத்தில் அடுத்த ஆண்டுச் சேர்க்கைவரை பான்ஹெலனிக் மாநாட்டின் வேறெந்தச் சங்கத்திலும் சேர முடியாது. உருகியிருக்கும் மனதிடம் ஓராண்டு வாக்குறுதி வாங்குவது நேர்மையான முறை ஆகாது.

மாற்றம் முடியாததல்ல. உறுப்பினர்களின் வாரிசுப் பெண்களுக்குத் தந்த முன்னுரிமையை 2020க்குப் பின் பல சங்கங்கள் கைவிட்டன. முதலாண்டு மாணவர்கள் இத்தகைய சங்கங்களில் சேர்வதற்கே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2012இல் தடை போட்டது. சங்கங்கள் குறைந்தது ஒரு பருவம் பொறுத்துச் சேர்க்கை நடத்தட்டும். விழாவுக்கும் கையெழுத்துக்கும் இடையில் ஓர் இரவு இருக்கட்டும். முழுச் செலவையும் முதல் நாளே சொல்லட்டும். அதுவரை, சேரப்போகும் பெண் அந்த எழுதாத விதியை மீறிப் பணத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். மனம் ஒப்பாத வீட்டின் பெயரைக் கடைசிப் பட்டியலில் எழுதவே கூடாது. அதனால் வாய்ப்புக் குறையலாம். தனக்கு விருப்பமில்லாத வீட்டில் ஓராண்டு கட்டுண்டு கிடப்பதைவிட அந்த இழப்பு சிறியது.