இராதிகா சாந்துவனம்: கூற்றுரிமை பற்றிய ஒரு குறிப்பு
தலைவி தன் வேட்கையைத் தலைவன்முன் எடுத்துரைத்தல் இல்லை என்பது தொல்காப்பிய நெறி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் (1739–1763) அவைக்கணிகை முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய இச்சிருங்கார காவியமோ அதனைத் தலைகீழாக்குகிறது. கண்ணனுக்கு இளாவை மணம் செய்வித்தபின் ஊடும் இராதையே இங்கு வேட்கையை மொழிகிறாள், பணிபவன் கண்ணன்.

வீரேசலிங்கத்தின் கண்டனம் நூலின் சுவையைக் காட்டிலும் அதனைப் பாடிய வாயையே சாடியது. நாணம் பெண்டிர்க்கு மட்டுமோ என வினவி, 1910இல் இதனைப் பதிப்பித்தார் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆங்கில அரசு விதித்த தடை 1947இல்தான் நீங்கியது. ஆயினும், நாகரத்தினம்மாளுக்கு முந்தைய பதிப்பொன்று, தடை ஏதுமின்றியே, கவிஞர் தம் தாயையும் பாட்டியையும் போற்றும் பாயிரத்தை விலக்கியிருந்தது. இன்பப் பகுதிகளினும் அப்பாயிரமே பதிப்பாசிரியரை உறுத்தியது போலும்!