கான்ரான் ஸ்மித் சாலையின் கட்டுரைப் பட்டியல்

ஒரு மருத்துவ ஆய்வாளரின் பெருமையைச் சொல்ல வருபவர்கள் எண்ணிக்கையில்தான் தொடங்குவார்கள்: எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு. கோபாலபுரம் சர்க்கரை நோய் மருத்துவர் டாக்டர் வி. மோகனுக்கு அந்தக் கணக்கிலும் குறைவில்லை. கட்டுரைகளே ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் அந்தப் பட்டியலை ரசிக்க வேண்டுமானால் எண்ணிக்கையை விட்டுவிட்டு அட்டவணைகளுக்குள் இறங்க வேண்டும்.

1990-களின் நடுவில் சென்னையின் இரண்டு குடியிருப்புகளில் தொடங்கியது அவருடைய குழுவின் 'கப்ஸ்' என்ற ஆய்வு. திருமங்கலத்தில் நடுத்தர வருமானக்காரர்கள், தி. நகரில் குறைந்த வருமானக்காரர்கள். தகுதியுள்ள 1,399 பேரில் 1,262 பேர் பரிசோதனைக்கு வந்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு! வெறும் வயிற்றில் வந்து ரத்தம் கொடுங்கள் என்று சென்னையில் கதவைத் தட்டிக் கேட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த ஓர் எண்ணின் அருமை தெரியும். மேற்கோள் கணக்கு எதிலும் இந்த உழைப்பு ஏறாது.

அந்த 1,262 பேரிலிருந்து ரத்தக்குழாய்களின் கதை ஒவ்வொன்றாக வெளிவந்தது. 2000-இல் 'டயபடாலஜியா' இதழில் கழுத்துத் தமனி பற்றிய கட்டுரை. அல்ட்ராசவுண்டில் தமனிச் சுவரின் உள், நடுப் படலங்களின் தடிமனை அளந்தார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குச் சராசரி 0.74 மில்லிமீட்டர், இருப்பவர்களுக்கு 0.95. வித்தியாசம் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. வலியோ மூச்சிரைப்போ வருவதற்கு முன்பே நோய் சுவரில் எழுதிவிட்டுப் போன எழுத்து அது. அதைப் படிக்கும் அளவுக்கு நுட்பமாக அளந்திருக்கிறார்கள்.

அதே ஆண்டு 'டயபடிஸ் கேர்' இதழில் கால் ரத்தக்குழாய் அடைப்பு பற்றி ஒன்று. கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து, 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு என்று கொள்ளும் எளிய முறை. மொத்தத்தில் 3.2 சதவீதம் பேருக்குத்தான் அடைப்பு. சர்க்கரை நோயாளிகளில் 6.3. மறு ஆண்டே அமெரிக்க இதயவியல் கல்லூரியின் இதழில் வந்த இதயக் கட்டுரையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இதயத் தமனி நோய் மொத்தத்தில் 11 சதவீதம், சர்க்கரை நோயாளிகளில் 21.4. ஒரே தெருக்காரர்கள், ஒரே ரத்தம்; கால் குழாய்கள் ஓரளவு தப்பிக்க, இதயக் குழாய்கள் அடி வாங்குகின்றன. தனித்தனியாகப் படித்தால் இவை இரண்டு நல்ல கட்டுரைகள். சேர்த்துப் படித்தால்தான் ஊரின் உடம்பு தெரிகிறது. எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கட்டுரையாசிரியர்களின் பெயர் வரிசையிலும் ஓர் அழகு உண்டு. கால் கட்டுரையில் முதற்பெயர் பிரேமலதா. 26,001 பேரைக் கொண்ட அடுத்த பெரிய ஆய்வான 'க்யூர்ஸ்' வழியே விழித்திரையின் நுண்குழாய்களைப் பார்த்த 2005-ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதற்பெயர் டாக்டர் ரெமா. 2023-இல் 'லான்செட்' குழும இதழில் நாட்டில் 10.1 கோடி சர்க்கரை நோயாளிகள் என்று சொன்ன கட்டுரையில் டாக்டர் அஞ்சனா. குருவின் பெயர் முன்னே நின்றே தீர வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை. கடிதம் எழுத வேண்டிய முகவரி மட்டும் பல கட்டுரைகளில் ஒன்றேதான்: கான்ரான் ஸ்மித் சாலை, கோபாலபுரம், சென்னை 600 086.

2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் வகுத்த ஹெச்-இண்டெக்ஸ், ஒருவரைப் பிற ஆய்வாளர்கள் எவ்வளவு எடுத்தாண்டார்கள் என்பதைத்தான் சொல்லும். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லும் கட்டுரை ஒன்று இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. 2006-இல் இந்திய மருத்துவர்கள் சங்க இதழில் வந்த 'கப்ஸ்-17'. தங்கள் ரத்தத்தின் முடிவுகளைக் கேட்டறிந்த திருமங்கலம் ஆசியாட் காலனிவாசிகள், தாங்களே பணம் திரட்டிக் காலனிக்குள் ஒரு பூங்கா அமைத்தார்கள். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமானார்கள். மோகனின் கட்டுரைகளில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படியுங்கள்.