எதிரொலி வரையும் படம்

மலேசியாவின் கேமரன் மலையின் அடியில் கிடப்பது கருங்கல். ஆழத்தில் ஆறி இறுகிய பாறைக்குழம்பு அது. எண்ணெய் தேடுவோர் இங்கே ஏறி வருவதில்லை. கிழக்கே திரெங்கானுவுக்கு அப்பால், கடலுக்கு அடியில் உள்ள மலாய்ப் படுகையிலோ வண்டல் 12 கிலோமீட்டர் ஆழம்வரை அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கிறது.

அந்த அடுக்குகளைக் காட்டும் நில அதிர்வுப் படங்கள்மேல் எனக்குத் தீராத காதல். ஆய்வுக் கப்பல் அழுத்தக் காற்றை நீருக்குள் வெடிக்கவிடும். ஒலி கீழிறங்கும். பாறையின் அடர்த்தியோ ஒலி ஓடும் வேகமோ மாறும் எல்லைதோறும் அதில் கொஞ்சம் திரும்பி வரும். கப்பலுக்குப் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் இழுபடும் கேபிள்கள் அதை வாங்கிக்கொள்ளும். கணினி அலசி முடித்ததும் வரிவரியாய்த் தெரிகின்றன மடிப்பு, முறிவு, புதைந்துபோன பழைய ஆற்றின் நெளிவுகூட! எரிவாயு தங்கிய மணற்கல் சில இடங்களில் பளிச்சென்று மின்னும். எல்லா மினுக்கமும் வாயு அல்ல, துளையிட்டால்தான் உறுதி.

கடலில் கேபிள்கள் எதிரொலியை வாங்கும் இதே வேலையைத் தரையில், காவிரிப் படுகையின் வயல்களில், செய்தது ஜியோபோன். மண்ணில் குத்த ஒரு கூர்முனை, உள்ளே காந்தம், சுருள்வில்லில் தொங்கும் கம்பிச்சுருள். உள்ளங்கையில் அடங்கும் கருவி. நிலம் இம்மியளவு அசைந்தாலும் மின்சாரமாக்கிச் சொல்லிவிடும்.