மெழுகப்பட்ட சுற்று: கிட்டார் பெடல் கிட்டுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

கிட்டாரின் ஒலியைச் சிதைத்து, தடிக்கவைத்து, இழுத்து நீட்டித் தரும் சிறு உலோகப் பெட்டிதான் பெடல். காலால் ஒரு அமுக்கு அமுக்கினால் வேலை செய்யும். மறுபடி அமுக்கினால் சும்மா கிடக்கும். இதைக் கடையில் முழுசாக வாங்காமல், பலகை, ரெசிஸ்டர், கண்டென்சர், சுவிட்ச் என்று உதிரியாகக் கிட்டில் வாங்கி வீட்டிலேயே பற்றவைத்துக்கொள்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன். இதை நுகர்வுப் பண்பாட்டுக்கு எதிரான கலகம் என்று ஒரு சாரார் கொண்டாடுகிறார்கள். ‘வேலையத்தவன் வேலை’ என்று இன்னொரு சாரார் ஒதுக்குகிறார்கள். இரண்டு பேருமே மூடியைக் கழற்றி உள்ளே பார்ப்பதில்லை என்பதுதான் என் புகார்.

உள்ளே இருப்பது ஒரு பிழையின் வரலாறு. 1958இல் வெளியான ‘ரம்பிள்’ இசைத்தட்டுக்காக லிங்க் ரே தன் ஒலிபெருக்கியின் தாள்கூம்பில் பென்சிலால் ஓட்டை போட்டார் என்பார்கள். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் அதே கூம்பை பிளேடால் கிழித்தார். இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்ததுதான் முக்கியம். 1961இல் மார்ட்டி ராபின்ஸ் பாடி வெளியான ‘டோன்ட் வொர்ரி’ பாட்டில், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார், நாஷ்வில் ஒலிப்பதிவுக்கூட மேசையில் பழுதான ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வந்து கரகரத்தது. தூக்கி எறிய வேண்டிய அந்தக் கரகரப்பை விட்டுவைத்தார்கள். ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி, அந்தப் பழுதை டிரான்சிஸ்டரால் திரும்பச் செய்யும் சுற்று ஒன்றை ரெவிஸ் ஹாப்ஸுடன் சேர்ந்து உருவாக்கினார். கிப்சன் நிறுவனம் 1962இல் அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்று விற்றது. பழுது பண்டமாயிற்று. ஆரம்பத்தில் அது பெரிதாக விலைபோகவில்லை. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ வந்த பிறகு நிலைமை தலைகீழானது.

சுத்தமான ஒலி, அசுத்தமான ஒலி என்னும் எதிர்வு இங்கே குலைந்தது என்று கோட்பாட்டு மொழியில் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அதோடு நின்றால் போதாது. குலைத்தது எத்தனை ரூபாய்ச் சரக்கு என்றும் பார்க்க வேண்டும். 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் வெளியிட்ட ‘ஃபஸ் ஃபேஸ்’ பெடலின் சுற்றில் மொத்தம் 11 பாகங்கள்: இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கண்டென்சர், திருகுவதற்கு இரண்டு வால்யூம் கண்ட்ரோல். அவ்வளவேதான். பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரை விட்டுவிட்டால், மற்றதைச் சென்னை ரிச்சி தெருவில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குள் வாங்கிவிட முடியும்.

ஆனால் இந்தப் பாகங்களைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும் சொல்லாடல் இருக்கிறதே, அதன் விலையே வேறு. ஐபனீஸ் நிறுவனத்தின் ‘டியூப் ஸ்க்ரீமர்’ வரிசையில் பழைய டிஎஸ் 808க்கும் பின்னால் வந்த டிஎஸ் 9க்கும் சுற்றளவில் உள்ள முக்கிய வித்தியாசம் வெளிவாசலில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள். 100 ஓம் 470 ஆனது. 10 கிலோ ஓம் 100 கிலோ ஓம் ஆனது. அட, ரெண்டு ரெசிஸ்டர்தானே! சில்லறைக் காசு. இந்த வித்தியாசத்தின் மேல்தான் ‘அசல்’, ‘ஆன்மா’, ‘பழைய காலத்து மாயம்’ என்று ஒரு புராணமே எழுந்திருக்கிறது. உள்ளே இருக்கும் 4558 ஐசி மலிவான ஆடியோ சாதனங்களில் எல்லாம் கிடந்த சாதாரணச் சரக்கு. அதற்கும் இன்று பக்தர்கள் உண்டு.

புராணத்தின் உச்சம் ‘க்ளோன் சென்டார்’. பில் ஃபின்னெகன் 1994இல் பாஸ்டன் பக்கத்தில் கையால் செய்து விற்கத் தொடங்கியது. சுமார் 8000 பெட்டிகள் செய்தார். சுற்றை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பலகைமேல் கறுப்பு எபாக்சி பிசினை ஊற்றி மெழுகினார். மெழுகிய கறுப்பே அதன் மதிப்பாயிற்று. பழைய பெட்டி ஒன்று இன்று பல ஆயிரம் டாலருக்குக் கைமாறுகிறது. 2000களின் பிற்பகுதியில் சிலர் பிசினைச் சுரண்டி எடுத்துச் சுற்றை வரைந்து வெளியிட்டுவிட்டார்கள். பார்த்தால், ஒலியலையின் தலையை வெட்டும் ஜெர்மேனியம் டயோடுகள், 9 வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் ஒரு ஐசி, சுத்த ஒலியையும் வெட்டுப்பட்ட ஒலியையும் சேர்த்துக் கலக்கும் கெட்டிக்கார ஏற்பாடு. நல்ல வடிவமைப்பு, மறுக்கவில்லை. ஆனால் கர்ப்பக்கிருகம் அல்ல. வரைபடம் வெளியான மறுகணம் அது கிட்டுகளாகப் பெருகியது. 2024இல் பெரிங்கர் பெடலுக்கு எதிராக ஃபின்னெகன் தொடுத்த வழக்கு பெயரையும் தோற்றத்தையும் பற்றியது. பிசின் போன பிறகு சொந்தம் கொண்டாட மிஞ்சியது சட்டையும் பெயரும்தான்.

எனவே கிட்டு விடுதலை செய்கிறது என்று சொல்லிவிடலாமா? இங்குதான் கொண்டாடுகிற நண்பர்களோடு எனக்கு முரண்பாடு. என்னிடம் வந்த ஒரு கிட்டில் (யார் தயாரிப்பு என்பது இங்கே தேவையில்லை) வழுவழுப்பான 12 பக்க வழிகாட்டி இருந்தது. பழுப்பு-கறுப்பு-ஆரஞ்சு ரெசிஸ்டரை ‘ஆர் 3’ என்று அச்சிட்ட ஓட்டையில் போடு, பற்றவை, கால்களை நறுக்கு, அடுத்ததுக்குப் போ. சுற்றின் வரைபடம் எங்கும் இல்லை. ஏன் அந்த இடத்தில் 10 கிலோ ஓம், ஏன் 100 இல்லை என்பதற்கு ஒரு வரி கிடையாது. இது பிசின் ஊற்றுவதன் இன்னொரு வடிவம். கண்ணுக்குப் பலகை தெரிகிறது, அறிவுக்குத் தெரியவில்லை. தொழிற்சாலை வரிசையில் நிற்பவருக்குக் கொடுக்கப்படும் தாளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

ஒரு வேறுபாடு உண்டு, அது வசதியானதல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை இயங்கிய நோக்கியா ஆலையில் செல்பேசிகளைப் பொருத்திய இளம்பெண்களுக்கு இந்த மாதிரிச் சின்னச் சின்னக் கைவேலை ஷிஃப்டாகவும் இலக்காகவும் இருந்தது. ஆலை மூடியதும் வேலை போயிற்று. நமக்கு அதே கைவேலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷம், ஏனென்றால் யாரும் நம் நேரத்தை எண்ணவில்லை. ரேடியோ ரிப்பேர் கடைப் பையன் கையில் சால்டரிங் கோல் இருந்தால் பிழைப்பு. படித்தவன் கையில் ஏறினால் ‘ஹாபி’. கைவேலையைச் சாதியோடு சேர்த்து எடைபோட்ட ஒரு சமூகத்தில், ‘நானே செய்தேன்’ என்னும் பெருமிதம் யாருக்கு வாய்க்கிறது என்பதைக் கேட்காமல் இந்தப் பழக்கத்தைக் கலகம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அதற்காக ஒதுக்கவும் முடியாது. வேறொரு மரபும் இருக்கிறது. கிரெய்க் ஆண்டர்டன் 1975இல் இசைக்கலைஞர்களுக்காக எழுதிய மின்னணுவியல் செய்முறை நூல், ஈயம் எப்படி உருகிப் பரவ வேண்டும் என்பதிலிருந்து தொடங்கிச் சொல்லிக்கொடுத்தது. ஆர். ஜி. கீன் 1990களில் ஃபஸ் ஃபேஸ், டியூப் ஸ்க்ரீமர் சுற்றுகளைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் அங்கே என்ன செய்கிறது என்று எழுதினார். ஒரு பிரதியை வரிவரியாக வாசிப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

டியூப் ஸ்க்ரீமரில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு ஒரு 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்சர் சேர்ந்து நிற்கும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியை அவ்வளவாகச் சிதைய விடாமல் தடுக்கின்றன. அந்தப் பெடலின் ‘மூக்கால் பேசும்’ குரல் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. எந்த ஆன்மாவிலிருந்தும் அல்ல. 0.047ஐ எடுத்துவிட்டு 0.1 போட்டால் எல்லை 340 வாக்கில் இறங்கும். அடிக்குரலும் சேர்ந்து கரகரக்கும். பேஸ் கிட்டார்க்காரர்களுக்கு இது ஆகும். என் கையில் இருக்கும் நான்கு கிட்டுகளில் இரண்டின் தாள்கள் இதைச் சொல்கின்றன. மற்ற இரண்டில் ‘சி 3’ என்று மட்டும் இருக்கிறது.